குறில் குறில் நெடில்

என் தம்பி சொக்கநாதனுக்கு எதையும் நேராகச் செய்யத் தெரியாது. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். அவர் கூப்பிட்டால் சமையல்கட்டில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்க வேண்டும். பிரச்சினை அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் கட்டில் ஓரத்தில் ஒரு காலிங் பெல்லை மாட்டிவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போயிருப்பார்கள். இவன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லெக்சரர் ஆயிற்றே. கோடை லீவு விட்டதும் லேபிலிருந்து ஒரு மைக்ரோப்ராசசர் கிட்டைக் கேட்டு வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

கம்ப்யூட்டர் என்றான். பரீட்சை அட்டை அளவுக்கு ஒரு பச்சைப் பலகை. அதன்மேல் கறுப்புக் கறுப்பாகச் சிப்புகள், கால்குலேட்டரில் இருப்பது போலப் பட்டன்கள், சிவப்பாக எரியும் சில எண்கள். மேலே ஒரு மூடிகூடக் கிடையாது. "இதுவாடா கம்ப்யூட்டர்? பாவம், துணி கட்டாம நிக்கறதே" என்றாள் அம்மா. கரண்ட் போனால் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அதற்கு மறந்துவிடும். தல்லாகுளத்தில் கரண்ட் போகாத நாள் ஏது? தினமும் உட்கார்ந்து முதலிலிருந்து பட்டனைத் தட்டிக்கொண்டிருப்பான்.

பெல்லை அழுத்த அப்பாவின் விரலில் பலம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவன்மேல் அநியாயமாகப் பழி போட்டதாகும். அப்பா வெங்கட்ரமணன் மதுரை தந்தி ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். பக்கவாதம் அவருடைய பேச்சையும் கைகால்களையும் கொண்டுபோய்விட்டது. காதும் கண்ணும் புத்தியும் மிச்சம். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் லேசாக அசைந்தது. வாழ்நாளெல்லாம் தந்தி அடித்த விரல்.

அந்தப் பலகை வேலை செய்யும்போது பக்கத்தில் ரேடியோ இருந்தால் கொர்ரென்று இரையும். எல்லோருக்கும் அது தொல்லை. இவனோ அதையே முதலாக வைத்துக்கொண்டான். சிப்பை ஒரே சீராகச் சுற்ற விட்டால் அந்த இரைச்சல் ஒரு சுருதியில் நிற்கும் என்று கண்டுபிடித்தான். பலகையிலிருந்து ஒரு வயரை இழுத்து ஜன்னல் பக்கம் தொங்கவிட்டான். அப்பாவின் விரலுக்குக் கீழே மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை வைத்தான். விரல் தகட்டைத் தொட்டால் ரேடியோவில் கூ என்று கேட்கும், எடுத்தால் நிற்கும். மீடியம் வேவில் திருச்சி நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால், எதுவும் வராத இடத்தில் முள்ளை வைக்க வேண்டும். அம்மா டிரான்சிஸ்டரை அடுப்படியிலோ கிணற்றடியிலோ வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். வாசல் கேட் வரைக்கும் கேட்கும், அதற்கு மேல் போனால் கேட்காது. லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ அனுப்புவது குற்றம் என்று அவனே சொல்லிவிட்டுச் சிரித்தான்.

கூப்பிடுவதற்கு என்றுதான் அவன் செய்தான். அப்பாவோ முதல் நாளே காபி என்று அடித்தார். அடுப்படியில் ரேடியோ கூவ ஆரம்பித்ததும் அம்மா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள்.

"என்னடி இது, விட்டு விட்டு அழறது?"

"காபி கேக்கறார். சக்கரை கம்மியா."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை மாதம் கழித்து அப்பா பேசின முதல் பேச்சு அது.

எனக்கும் என் தங்கை பட்டுவுக்கும் தந்தி பாஷை தெரியும். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டு விளிம்பில் ஸ்பூனால் தட்டித் தட்டி அப்பா சொல்லிக்கொடுத்தது. புள்ளியைக் குறில் என்பார், கோட்டை நெடில் என்பார். தமிழைத் தந்தியில் அனுப்புவது இங்கிலீஷ் எழுத்தில்தான் என்பதால் ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்கும் குறில் நெடில் மனப்பாடம். சொக்கநாதனுக்கு அந்தக் காது கிடையாது. எத்தனை தட்டினாலும் அவனுக்கு அது வெறும் சத்தம்.

பட்டு எங்கே என்று கேட்பீர்கள். அவளைச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை.

சமயநல்லூர் கண்ணுச்சாமி அப்பாவுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். அவருடைய அய்யா அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். படித்து முன்னேறி வந்த பிள்ளை என்று அப்பாவே அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து காபி கொடுத்திருக்கிறார். "கண்ணுச்சாமி கைக்கு மதுரையிலயே ஈடு கிடையாது" என்பார். தந்தி ஆபீசில் கை என்றால் அவரவர் அடிக்கிற விதம். கையெழுத்து போலத்தான், ஆளுக்கு ஆள் வேறுபடும். முகத்தைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே திருநெல்வேலியில் இன்னார் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். அப்பாவின் கையில் குறிலெல்லாம் கொஞ்சம் தயங்கி விழும், கடைசி நெடிலை இழுத்து நிறுத்துவார். எனக்கும் பட்டுவுக்கும் அது தூக்கத்திலும் தெரியும்.

அந்தக் கண்ணுச்சாமியின் கையைப் பட்டு பிடித்தபோது மட்டும் அப்பாவுக்கு ஜாதி ஞாபகம் வந்துவிட்டது. ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு இரண்டு பேரும் நமஸ்காரம் பண்ண வந்தார்கள். அப்பா கேட்டிலேயே நிறுத்தினார். "நானா கூப்பிட்டாலொழிய இந்தக் கேட்டைத் தாண்டப்படாது" என்றார். பட்டு சரி என்றாள். அவளும் அவருக்குப் பிறந்தவள்தானே? எத்தனை தீபாவளி போயிற்று, அவர் கூப்பிடவில்லை, அவள் தாண்டவில்லை. நடுவில் கிடந்து நானும் அம்மாவும் மாய்ந்தோம்.

அப்பா விழுந்த செய்தியையும், பிறகு ரேடியோவில் அடிக்கிற செய்தியையும் நான்தான் தந்தி ஆபீசுக்குப் போய்க் கண்ணுச்சாமியிடம் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் பட்டு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வாடி என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா கூப்பிடட்டும்."

"அவரால பேச முடியாதுடி."

"தெரியும். கேட்டுட்டுத்தான் வந்தேன்." என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு கேட்டாள். "அவரு அடிக்கிறாராமே. ஏதோ ரேடியோவுல கேக்குதாமே."

"ஆமாம். தினம் காபிக்கு அடிக்கறார்."

"அப்ப அவரே சொல்லட்டும். என் காதால கேட்டுட்டு உள்ள வாரேன். அம்புட்டுத்தான் அக்கா."

ஜன்னலருகே நின்றிருந்த அம்மா இதைக் கேட்டுவிட்டு, "பேச்சே மாறிப்போயிடுத்து" என்று முணுமுணுத்தாள். கோபமில்லை, ஏக்கம்தான்.

மறுநாள் கண்ணுச்சாமி தோல் உறை போட்ட தன் டிரான்சிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு வந்தார். முள்ளை எங்கே வைப்பது என்று சொக்கநாதன் போய்ச் சொல்லிக்கொடுத்தான். இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நான் அப்பாவின் அறைக்கு வந்தேன். அந்த அறையில் ரேடியோ வைப்பதில்லை, பலகைக்கு அவ்வளவு பக்கத்தில் வைத்தால் காதைத் துளைக்கும். ஆகவே அப்பா அடிப்பதை நான் காதால் கேட்கவில்லை, கண்ணால்தான் பார்த்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்பா, பட்டு வாசல்ல நிக்கறா. நீ கூப்பிட்டாத்தான் வருவாளாம். அவ வரவேண்டுமா, வேண்டாமா?"

அப்பாவின் கண் கலங்கியது. விரல் தகட்டுக்கு நகர்ந்தது. ஒரே எழுத்தில் பதில் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது, எதையும் முழு வார்த்தையாக அடிப்பார். வி. ஈ. என். டி. நிதானமாக, ஒவ்வொன்றாக அடித்தார். அதற்கப்புறம் அவருக்குப் பொறுக்கவில்லை. குறில் குறில் என்று சடசடவென இரண்டு தொடல், பின்னால் ஒரு நெடில். அது யூ. பிறகு இரண்டு நெடில், எம். கடைசி நெடிலை வழக்கம் போல இழுத்து நிறுத்தினார். வேண்டும். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வாசலுக்கு ஓடினேன். பட்டு தெருவில் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"எங்கடி போறே? கூப்பிட்டாச்சே."

"கேட்டேன் அக்கா. வேண்டாம்னுட்டாரு."

"பைத்தியமே, வேண்டும்னார்டி. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"நீ பார்த்தே. நான் கேட்டேன். அப்பா கைதான். அந்தக் கடைசி இழுப்புகூட அவருதுதான்."

நான் கண்ணுச்சாமியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வேண்டாம்னுதான் விழுந்துச்சு மதினி. டிக்குப் பொறகு ஒரு குறில், ஒரு நெடில். ஏ."

ஒரு குறில் போனால் யூ என்பது ஏ ஆகிவிடும். வேண்டும் என்பது வேண்டாம் ஆகிவிடும். வித்தியாசம் அவ்வளவுதான். நான் கத்தினேன், கெஞ்சினேன், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறிப் போய்விட்டார்கள்.

உள்ளே வந்தால் அப்பாவின் கண் கதவின்மேல் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். அவளுக்கு நேரமாகிவிட்டது, நாளைக்கு வருகிறாள் என்றேன். நம்பினாரோ இல்லையோ, கண்ணை மூடிக்கொண்டார்.

நேராகப் போய்ச் சொக்கநாதனைப் பிடித்தேன். வீட்டு ரேடியோவைக் கூடத்தில் வைத்துவிட்டு நானே தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். மெதுவாகத் தட்டினால் இரண்டு கூ. சட்சட்டென்று தட்டினால் ஒன்றே ஒன்று.

"ஓ, அதுவா?" என்றான் சாவதானமாக. "தகடு மெல்லிசு இல்லையா, ஒரு தடவை தொட்டா ரெண்டு மூணு தடவை அதிரும் அக்கா. அதையெல்லாம் எண்ணிடப்படாதுன்னு, ஒரு தொடலுக்கப்புறம் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கோன்னு சிப்புக்குச் சொல்லியிருக்கேன். அந்த நேரத்துல தொட்டா எடுத்துக்காது."

"கடங்காரா, அந்தக் கொஞ்ச நேரத்துலதாண்டா அப்பா அவளைக் கூப்பிட்டார்."

அவன் முகம் செத்துப்போயிற்று. காபிக்கும் தண்ணீருக்கும் அப்பா அவசரப்பட்டதே இல்லை, அதனால் அந்தக் குறை யாருக்கும் தெரியவில்லை. பெண்ணைக் கூப்பிடும்போதுதான் அவசரப்பட்டார். வாழ்நாளெல்லாம் ஊரார் சேதியைத் தப்பில்லாமல் அனுப்பியவரின் சொந்தச் சேதியை ஒரு பச்சைப் பலகை விழுங்கிவிட்டது. சொக்கநாதன் ஒரு எண்ணைக் குறைத்துத் திரும்பப் போட்டான். அவ்வளவுதானாம் வேலை. பிறகு அப்பாவை அடிக்கச் சொன்னோம். சமையல்கட்டு ரேடியோவில் பட்டு வேண்டும், பட்டு வேண்டும் என்று தெளிவாக விழுந்தது. போதும் என்று சொல்லும் வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தார்.

காலையில் முதல் வேலையாகச் சமயநல்லூருக்குப் பஸ் ஏறினேன். பட்டு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, நான் சொன்னது எதையும் காதில் வாங்கவில்லை.

"நீ எப்பவும் இப்படித்தான். அப்பா திட்டினா, அது உன்னையில்ல, பூனையைன்னு சொல்லுவ. சின்னப் பிள்ளையில நம்பினேன்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படிச் சொல்லித்தான் அவளை வளர்த்தேன். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கண்ணுச்சாமி சட்டைப் பட்டனைப் போடாமல் நின்று கேட்டார். தகடு, அதிர்வு, காதைப் பொத்திக்கொள்வது எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"பட்டு, சாரு நிதானமான ஆளு. எம்புட்டு வேலை குவிஞ்சாலும் கை பறக்காது. அவரு குறிலை ஒட்டி அடிச்சாருன்னா ஒரு காரணம் இருக்கும். வேண்டாம்னு சொல்றவரு எதுக்கு அவசரப்படணும்?"

பட்டு கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எல்லாம் போன பிறகும் பிழிந்தாள். "இன்னொரு தடவை அப்பா அடிக்கட்டும். கேக்குறேன்" என்றாள். புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது தலையில் பூ வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது.

நாங்கள் பஸ்ஸில் இருந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முந்தின நாள் அவ்வளவு அடித்த விரல் அன்றைக்கு அசையவில்லை. அப்பா முயற்சி பண்ணியிருக்கிறார். நெற்றியெல்லாம் வியர்த்ததாம், விரல் மட்டும் தகட்டின்மேல் கிடந்தபடியே கிடந்ததாம். அம்மா விரலை நீவிவிட்டாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. "அவ வந்துண்டிருப்பாளேடா, திரும்பவும் வாசலோட போயிடுவாளேடா" என்று புலம்பியிருக்கிறாள். சொக்கநாதனுக்கு மனசு கேட்கவில்லை. தந்தி எழுத்துப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து வேண்டும் என்ற வார்த்தையைக் கிட்டில் ஏற்றிவிட்டான். இனி விரல் வேண்டாம். ஒரு பட்டனைத் தட்டினால் பலகையே அடிக்கும்.

கேட்டுக்கு வந்ததும் கண்ணுச்சாமி ரேடியோவைத் திருகிப் பட்டுவின் கையில் கொடுத்தார். "இரு, நான் போய் அப்பாகிட்டக் கேக்கறேன்" என்று நான் படியேறினேன். வாசற்படி தாண்டுவதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டுப் பட்டனைத் தட்டியிருக்கிறான், அவசரக்குடுக்கை.

வி. ஈ. என். டி. யூ. எம்.

எழுத்தில் ஒரு பிழை இல்லை. யூவில் இரண்டு குறிலும் இருந்தன. ஆனால் எல்லாக் குறிலும் ஒரே அளவு, எல்லா நெடிலும் ஒரே அளவு. தயக்கம் கிடையாது. கடைசி நெடில் இழுபடாமல் வெட்டினாற்போல நின்றது. மறுபடியும் அதே வார்த்தை, அச்சு அசல் அதே போல வந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்த்தேன்.

பட்டு ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அணைத்துக் கண்ணுச்சாமியிடம் கொடுத்தாள்.

"இது அப்பா கை இல்லை" என்றாள்.

"பட்டு, எனக்குத் தெரியாதுடி. சத்தியமா. என்ன ஆச்சுன்னு நான் உள்ள போய்..."

"எல்லாருமாச் சேந்து எம்புட்டுப் பாடுபடுறீங்க அக்கா. அவரு வேண்டாம்னு சொன்னதை மறைக்க."

"மறைக்கலைடி. வேணும்னார். உள்ள வா, வந்து அவர் கண்ணைப் பாரு. அது பொய் சொல்லாது."

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்தாள். திறந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கண்ணுச்சாமிகூட ஒரு அடி முன்னால் வந்தார்.

"கண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டா?" என்றாள். "காதால கேட்டதையே தாங்க முடியல. முகத்துக்கு நேரா சொல்லிட்டார்னா அப்புறம் நான் எங்க போவேன் அக்கா?"

இத்தனை வருஷமும் அவளுடையது வீம்பு என்று நினைத்திருந்தேன். வீம்பு இல்லை, பயம். அது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? அவள் கம்பியை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளே சொக்கநாதன் பலகை முன்னால் நின்றுகொண்டு, "வந்துட்டாளா?" என்று ஆவலாகக் கேட்டான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவன் கெட்டவன் இல்லை, நல்லது பண்ணத்தான் பார்த்தான். கெட்டவனாக இருந்திருந்தால் அடித்திருப்பேன், ஆத்திரமாவது தீர்ந்திருக்கும். அம்மா மூலையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் காது நன்றாகக் கேட்கும். ஜன்னலும் திறந்திருந்தது. வாசலில் ரேடியோ அடித்ததும், பட்டு பேசியதும் எல்லாமே அவர் காதில் விழுந்திருக்கும். கூடத்துக்கும் கேட்கும்படி ஒரு பெருமூச்சு விட்டார். கண் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. நான் துடைத்துவிட்டேன். பலகை அதுபாட்டுக்குச் சிவப்பு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கினேன், அணைந்தது.

அதற்கப்புறம் அவருடைய விரல் அசையவே இல்லை. நான் இரண்டு தடவை சமயநல்லூருக்குப் போனேன். பட்டு சாப்பாடு போட்டாள், பூ வைத்துவிட்டாள், அப்பா பேச்சை மட்டும் எடுக்கவிடவில்லை. ஆடி பிறப்பதற்கு முன்னால் அப்பா போய்விட்டார்.

நல்லதுக்குத்தான் கூப்பிட்டு வர வேண்டும். சாவுக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை, காதில் விழுந்தால் போதும். பட்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள். யாரும் தடுக்கவில்லை, கண்ணுச்சாமியையும் யாரும் தடுக்கவில்லை. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். பட்டு அழாமல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"இனி மறைச்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல அக்கா. நெசமாச் சொல்லு. அன்னிக்கு என்ன அடிச்சாரு?"

"வேண்டும்னுதான் அடிச்சார்."

அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதில், அப்பா பூனையைத்தான் திட்டினார் என்று நான் சொல்லும்போது பார்ப்பாளே, அதே பார்வை. என் கன்னத்தைத் தொட்டாள்.

"நீ அப்படித்தான் அக்கா சொல்லுவ" என்றாள்.